ரிப்பேருக்குப் போகும் குழாய்

பஸ் கிளம்புவதற்குள் சௌடமுத்து மூன்று இடம் மாறி உட்கார்ந்துவிட்டான். முதலில் டிரைவருக்குப் பின் சீட்டு. அங்கே இன்ஜின் சூடு. சூட்டில் உள்ளே இருக்கிற மருந்து என்ன ஆகுமோ என்று எழுந்துவிட்டான். உள்ளே மருந்தே இல்லை. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். விடிந்ததும் மாட்டுக்கொட்டத்தில் வைத்து இடிகம்பியைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தான், கம்பி அடிவரை போய் ணங்கென்று தட்டியது, மருந்து இடித்திருந்தால் கம்பி நாலு விரல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், நிற்கவில்லை, கேப்பும் போடவில்லை, கேப்பு போடாமல் எந்த நாட்டுத் துப்பாக்கியும் வெடித்ததாகச் சரித்திரம் இல்லை. இரண்டாவது தடவையும் விட்டுப் பார்த்தான். சாக்கில் போட்டு வாயைக் கட்டிய பிறகு, கட்டை அவிழ்த்து மூன்றாவது தடவையும் பார்த்தான். மனசு கேட்டால்தானே. அன்றைக்குச் சுட்ட கையோடு, பழக்க தோஷத்தில், கை பாட்டுக்கு மறுபடி மருந்தை இடித்துவிட்டதோ என்று பதினோரு நாளாக உள்ளே ஒரு நமைச்சல். சாக்கை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, குழல் வாய் தன் தாடையைப் பார்க்காதபடி சற்றுச் சாய்த்துப் பிடித்து, கடைசிக்கு முந்தின சீட்டில் ஜன்னலோரம் ஒண்டினான். கண்டக்டர் வந்து சாக்கை மேலும் கீழும் பார்த்தான். "என்னண்ணே இது?" "ஸ்பிரேயர் குழாய்ப்பா. அடைச்சுக்கிருச்சு. ரிப்பேருக்குக் கொண்டுபோறேன்." "கொண்டுபோங்க, கொண்டுபோங்க. இந்த வாரம் மலையில பாதிக் குழாய் அடைச்சுக்கிருச்சு போல. நேத்து ஒரு நடையில நாலு குழாய் எறங்குச்சு. எதுவும் திரும்பி மேல வரக் காணோம்." முகத்தில் ஒரு சிரிப்பையும் காட்டாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவன் போய்விட்டான். நாலு பேரா? யார் யார்? கோயிலில் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்த நாற்பத்திரண்டு பேரில் நாலு பேர் கவிழ்ந்துவிட்டார்களா? மானங்கெட்டவர்கள், துரோகிகள் என்று சௌடமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. தானும் அதே காரியத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்பது கோபம் வந்து முடிந்த பிறகுதான் உறைத்தது.

அப்போதுதான் பொம்முத்தாய் ஏறினாள். பக்கத்துக் காட்டுக்காரன் வீருசின்னுவின் மனைவி. முன்வாசல் கம்பியைப் பிடித்து, வலது காலை ஊன்றி, இடது காலை மெதுவாக இழுத்துக்கொண்டு ஏறினாள். அவள் உயரத்துக்கு ஒரு விளக்குமாற்றுப் புல் கட்டு, பழைய சேலையில் சுற்றியது. அதை மடிக்குக் குறுக்கே சாத்திக்கொண்டு பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். காலில் ஆம்பளைச் செருப்பு. வீருசின்னுவுடையதாக இருக்கும், அவள் பாதத்துக்கு முன்னாலும் பின்னாலும் இடம் மிச்சம் கிடந்தது. சௌடமுத்து சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கழுத்து திரும்பினால் ஆயிற்றா, மனசும் கூடவே திரும்பிவிடுமா? அவள் பின்னால் பார்க்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தட்டக்காடு ஊரில் பஸ் ஏறுகிற யாரானாலும் ஏறின கையோடு பஸ்ஸை ஒரு சுற்றுப் பார்த்து, யார் எங்கே எதற்குப் போகிறார்கள் என்று விசாரித்த பிறகுதான் உட்காரவே செய்வார்கள். இவள் பார்க்கவில்லை. அப்படியென்றால் பார்க்காமலே தெரிந்திருக்கிறது. விளக்குமாறு விற்கப் போகிறாளா? சந்தை வெள்ளிக்கிழமை. இன்றைக்குத் திங்கள். திங்கட்கிழமை எந்த மகராசி விளக்குமாறு வாங்கக் காத்துக்கொண்டிருக்கிறாள்? போலீஸுக்குத்தான் போகிறாள். எழுதிக் கொடுக்கப் போகிறாள். இன்னாருடைய காட்டு ஓரத்தில், இன்ன தேதி, விடிகாலை. அவள் முன்னால் போய் எழுதிக் கொடுக்க, இவன் பின்னாலேயே கையும் துப்பாக்கியுமாகப் போய் நிற்க, போலீஸ்காரனுக்கு இதைவிடச் சுலபமான கேஸ் ஆயுசில் கிடைக்காது. இறங்கிவிடலாம் என்று எழுந்தான். பஸ் கிளம்பிவிட்டது. சாக்கு முன்சீட்டுக் கம்பியில் இடித்து டங்கென்று ஒரு சத்தம், இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம், ஸ்பிரேயர் குழாய் போடாத சத்தம். அவள் முதுகு அப்போதும் அசையவில்லை. அவன் உட்கார்ந்தான்.

பதினோரு நாளைக்கு முன்னால் அந்த விடியற்காலையில் பனிமூட்டம் காவல் பரணுக்குக் கீழே நாலடி வரைக்கும் வந்து நின்றது. மக்காச்சோளத்தின் தலைகள் மட்டும் தெரிந்தன. முந்தின மூன்று நாளாகப் பன்றி இறங்கி ஓடைப் பக்கத்து நாலு வரிசையை மாவு அரைத்துவிட்டுப் போயிருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரம். மனுஷன் ஒரு வாரம் தூங்காமல் இருந்தால் காது ரொம்பக் கூர்மையாகிவிடும் என்று சொல்லிக்கொள்வோம். கூர்மை எல்லாம் ஆகாது. இல்லாததையும் சேர்த்துக் கேட்கும், அவ்வளவுதான். ஓடைக்கரை வரப்பில் சரசரவென்றது. நின்றது. மறுபடி சரசரவென்றது. பல் வைத்துப் பிடுங்குகிற சத்தம் மாதிரியேதான் இருந்தது, பிற்பாடு யோசித்துப் பார்த்தபோது புல் அறுக்கிற சத்தமும் அப்படியேதான் இருக்கும் என்று தெரிந்தது, ஆனால் பிற்பாடு யோசிப்பதற்கு என்ன, யாரும் யோசிப்பார்கள். குழலை நீட்டினான். ஆடுகிற சோளத்தட்டையைப் பார்த்தான். தட்டையைத்தான் பார்த்தான். தட்டைக்கு அந்தப் பக்கம் எதையும் பார்க்கவில்லை. இழுத்துவிட்டான். புகை மூட்டத்தோடு சேர்ந்துகொண்டு கண்ணை மறைத்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. பன்றி போடுகிற சத்தம் இல்லை. 'ம்' என்று வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு மனுஷி விழுங்குகிற சத்தம். பிறகு ஓட்டம். ரெண்டு கால் ஓட்டத்துக்கும் நாலு கால் ஓட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன் மலையில் காடு வைத்திருக்க மாட்டான். அவனுக்குத் தெரிந்தது. தெரிந்துகொண்டே பரண்மேல் உட்கார்ந்திருந்தான், எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை. இறங்கிப் போனபோது ஓடைக்கரையில் பாதி கட்டின புல்லும், ஒற்றைச் செருப்பும் கிடந்தன. இடது கால் செருப்பு. நீல வார், அறுந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. பக்கத்துத் தட்டையில் சிவப்பாக ஒரு இழுப்பு. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தான். செம்மண் சேறு என்று முடிவு கட்டினான். சேறு அவ்வளவு சீக்கிரம் விரல் ரேகைக்குள் இறங்காது என்பதும் அவனுக்குத் தெரியும்.

முதல் கொண்டை ஊசி வளைவு. பஸ் ஒரு பக்கமாகச் சாய, பொம்முத்தாயின் தலை இன்னொரு பக்கமாகச் சாய்ந்தது. எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த கொண்டை. அவள் ஏன் கத்தவில்லை? அன்றைக்கே கத்தியிருந்தால் ஓடிப்போய்த் தூக்கியிருப்பான், கையைக் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பான், ஜீப் பிடித்துக் கீழே கொண்டுபோயிருப்பான். நிச்சயமாகக் கொண்டுபோயிருப்பானா? சரி, அதை விடு. அவள் கத்தாததற்குக் காரணம் தெரியாமலா இருக்கிறது. வரப்பு அவனுடையது. அந்த வரப்பு யாருடையது என்றுதான் இரண்டு வருஷம் வீருசின்னுவும் அவனும் முகம் பார்க்காமல் இருந்தார்கள். சர்வேயர் வந்து கல் நட்டு அது சௌடமுத்து பக்கம் என்று சொன்ன பிறகு, வீருசின்னு ஊர்க்கூட்டத்தில் எழுந்து, இனிமேல் என் வீட்டு மாடு அந்த வரப்புப் புல்லை மோந்துகூடப் பார்க்காது என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டான். மாட்டுக்கு வீறாப்பு புரியுமா? பசிக்கிறது. அவள் புருஷனுக்கும் தெரியாமல், காட்டுக்காரனுக்கும் தெரியாமல், மூட்டத்தில் வந்து அறுத்திருக்கிறாள். திருட்டுப் புல் அறுக்க வந்தேன் என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் சுட்டுவிட்டான் என்று சொல்ல முடியும். சொன்னால் வீருசின்னு என்ன செய்வான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு ஆட்டுக்குட்டி விவகாரத்தில் சொந்த மச்சினன் நெஞ்சுக்கு நேரே குழலை நீட்டினவன் அவன். நாலு பேர் சேர்ந்து மடக்கியிராவிட்டால் இழுத்திருப்பான். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வரப்பு, இரண்டு வீட்டிலும் ஒவ்வொரு துப்பாக்கி. அவள் வாயை மூடிக்கொண்டது யாரைக் காப்பாற்ற?

கூத்து என்னவென்றால், பேசாமல் கிடந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்ததே இந்த உத்தரவுதான். பயிர்க்காவலுக்கென்று கொடுத்த ஒற்றைக்குழல் லைசென்ஸ் இனிமேல் புதுப்பிக்கப்படாது, மாதக் கடைசிக்குள் அவரவர் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், அதற்கு அரசாங்கம் ஒரு தொகை கொடுக்கும், ஒப்படைக்காமல் வைத்திருந்தால் வழக்கு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சுட்டதற்கு முந்தின வாரம் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம். அதிகாரிகள் நாற்காலியில், ஊர் தரையில். சௌடமுத்துவுக்குப் பேச வரும். அன்றைக்கு வெளுத்து வாங்கினான். "பன்னி வந்தா என்ன செய்யச் சொல்றீங்க? இலை போட்டுச் சோறு வைக்கவா? வேலி போடுறோம்னு ஏழு வருசமாச் சொல்றீங்க, கம்பி வந்துச்சா? நஷ்டஈட்டுக்கு மனு குடுத்தா அதுக்கு ஒரு போட்டோ, அதுக்கு ஒரு சான்றிதழ். பன்னிய நிப்பாட்டி வச்சுப் போட்டோ எடுக்கவா?" மைதானம் சிரித்து உருண்டது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, இப்போதும் பொய் இல்லை, இந்தப் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாலும் அவன் கேட்ட அத்தனையும் நியாயம்தான். அப்போது அதிகாரிகளோடு வந்திருந்த பெண் சப்-இன்ஸ்பெக்டர், சின்ன வயசு, குரலை உயர்த்தாமல் கேட்டது. "அண்ணே, மூட்டத்துல சோளக்காட்டுக்குள்ள அசையிறது பன்னியா ஆளான்னு எப்படித் தெரியும்?" சௌடமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நாங்க என்ன, கண்ண மூடிக்கிட்டா சுடுறோம்?" என்றான். விசில் பறந்தது. வீருசின்னு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, இரண்டு வருஷத்துக்குப் பிறகு, அவன் தோளில் கை போட்டு, "கேட்டாம்பாரு கேள்வி, எம்மாப்ள" என்றான். கண்ண மூடிக்கிட்டா சுடுறோம். கண்ண மூடிக்கிட்டா. பதினோரு நாளாகச் சோறு பிசைந்தால் அது, பல் விளக்கினால் அது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால் அது. தன் குரலே தனக்கு இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை.

ஐந்தாவது வளைவில் கை சாக்கின் வாய்க்கட்டை அவிழ்த்தது. செருப்பு உள்ளேதான் இருக்கிறது, துப்பாக்கிக் கட்டைக்குப் பக்கத்தில், காகிதத்தில் சுற்றி. வீட்டில் ஒளித்து வைக்க இடம் இல்லை, மனைவி நாகஜோதி கண்ணுக்குத் தப்பி அந்த வீட்டில் ஒரு குண்டூசிகூட இருக்க முடியாது, வைக்கோல்போரில் சொருகினான், நாய் இழுத்துவந்து வாசலில் போட்டது, எருக்குழியில் போட்டான், மனசு கேளாமல் தானே போய் எடுத்துக் கழுவினான். ஏன் கழுவினான்? கழுவி, ஊக்கு கழன்றிருந்ததைச் சரியாகக் குத்தியும் வைத்தான். கோட்டிக்காரன் வேலை. ஒன்பதாவது வளைவில் கீழே அறுநூறு அடிப் பள்ளம், அங்கே ஜன்னல் வழியாக விட்டெறிந்துவிட வேண்டியது என்பதுதான் திட்டம். துப்பாக்கியை ஸ்டேஷனில் போட்டுவிட்டால், செருப்பைப் பள்ளத்தில் போட்டுவிட்டால், அப்புறம் எதுவும் இல்லை. காலையில் நாகஜோதி கேட்டாள்: "எதுக்கு இம்புட்டுப் பெரிய சாக்கு?" "ஸ்பிரேயர் குழாய்." "ஸ்பிரேயர் சுவத்துலல்ல தொங்குது." "அது பழசு." டிபன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, "அங்க போயாவது நல்லா சாப்புடு. பத்து நாளா நீ சாப்புடுறது ஒன் வயித்துக்கே எட்டல" என்றாள். வெளியே வந்தால் வாசல் சுவரில் நீலப் பெயின்ட்டில் கொட்டை எழுத்து: இந்த வீட்டுத் துப்பாக்கி இந்த வீட்டிலேயே இருக்கும். அவன் எழுதியதுதான். அவனுடைய கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஊரில் நாற்பத்திரண்டு வீட்டுச் சுவரிலும் அவனையே எழுத வைத்தார்கள். ஒப்படைக்கிறவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தரும் போவதில்லை என்று சத்தியம். விவசாயிகள் சங்கத் தலைவர் முதலில் சூடத்தை அணைத்தார், அடுத்து வீருசின்னு, மூன்றாவது இவன். உள்ளங்கையில் அந்தச் சூட்டுக் கரி இரண்டு நாள் போகவில்லை. தை மாசம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறான். பந்தலில் ஒரு ஆள் இல்லாமல் அவனும் நாகஜோதியும் மட்டும் வாசலில் நின்றுகொண்டு வாங்க வாங்க என்று காற்றைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு காட்சி வந்து போனது.

ஒன்பதாவது வளைவு வந்தது. காகிதத்தை உருவி, செருப்பைக் கையில் எடுத்துவிட்டான். ஜன்னலுக்கு வெளியே வெறும் காற்று. இந்தச் சமயம் பார்த்துத்தான் பொம்முத்தாய் குனிந்து இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, எதிர்க் கம்பியில் முட்டுக் கொடுத்து வைத்தாள். சேலை ஓரம் சற்று விலகியது. கெண்டைக்காலில் மஞ்சள் பத்துப் போட்ட துணிக்கட்டு. காட்டில் முள் குத்திவிட்டதாம் என்று நாகஜோதி நாலைந்து நாளைக்கு முன்னால் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். எந்த முள்? சௌடமுத்து அந்த முள்ளை உள்ளங்கையில் கொட்டி எண்ணி, தேங்காய்நாரை அடைத்து, கம்பியால் இடித்தவன். பட்டுவிட்டது. படவில்லை, பயந்து ஓடியதில் சுளுக்கு, வேலி கிழித்தது, நிஜமாகவே முள் என்று பதினோரு நாளாகத் தனக்குத் தானே சொல்லி வந்தது அத்தனையும் அந்தத் துணிக்கட்டைப் பார்த்ததும் வாயடைத்துப்போனது. வளைவு தாண்டிவிட்டது. செருப்பு கையிலேயே இருந்தது. பக்கத்து சீட்டுப் பெரியவர் கண் விழித்து, செருப்பையும் இவன் முகத்தையும் பார்த்தார். "தைக்கக் கொண்டுபோறேன்" என்றான். அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சாக்குக்குள் திணித்துக் கட்டினான். அவள் கால் கம்பியின்மேல் பஸ்ஸின் ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டே வந்தது. எழுந்துபோய் என்ன தாயி கால்ல என்று கேட்டுவிட்டால்? கேட்கலாம். ஊரில் யாரும் யாரையும் கேட்பதுதானே. நான்தான் என்று சொல்லவா? சொல்லிவிட்டு? பத்தொன்பது வருஷமாகப் பக்கத்துக் காடு, அவன் மகள் பிறந்தபோது முதலில் வந்து காப்பு அரிசி போட்டவள் இவள்தான். வரப்புச் சண்டையில் ஆண்கள் பேச்சு நின்றதே தவிர, வேலி இடுக்கு வழியாகக் குழம்புக் கிண்ணம் போய் வந்துகொண்டுதான் இருந்தது. போலீஸில் எழுதிக் கொடுக்கிறவள் இந்த முள் கதையை எதற்குக் கட்டினாள்? ஒருவேளை இன்றைக்குக் கடைசி நாள் என்பதால்? அவன் தானாகக் கொடுத்துவிட்டு நல்லவன் ஆகிவிடுவதற்கு முன்னால் மாட்டிவிட வேண்டும் என்றா? ச்சே, அவளைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று தோன்றியது. நினைப்பு நிற்கவில்லை.

கீழே இறங்கியதும் வெயில் முகத்தில் அறைந்தது. ஸ்டேஷன் நிறுத்தத்தில் அவள் இறங்கினாள். அவன் இறங்காமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விடலாம் என்று உட்கார்ந்திருந்தான். "அண்ணே, குழாய் ரிப்பேர் கடை இங்கதான்" என்று கண்டக்டர் படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இறங்கினான். இருபதடி முன்னால் அவள், ஆம்பளைச் செருப்பு சரட் சரட்டென்று தேய, புல்கட்டைத் தலைக்கு வைக்காமல் இடுப்போடு அணைத்துக்கொண்டு போனாள். பின்னால் அவன். அவள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தாள். நுழைந்தேவிட்டாள். ஓடிவிடு என்றது ஒரு மனசு. கால் என்னவோ நேராக உள்ளே போனது. மர மேஜைக்குப் பின்னால் ரைட்டர், வழுக்கை, மூக்கு நுனியில் கண்ணாடி. அவருக்குப் பின்னால் மூலையில், சுவரோடு சுவராக, வரிசையாகச் சாத்தியிருந்த துப்பாக்கிகள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கட்டைகளில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு அட்டை தொங்கியது. அட்டையைப் படிக்க வேண்டியதே இல்லை, பாதிக்கு மேல் அவனுக்கு ஆள் அடையாளம் தெரிந்தது. ஓரத்தில் நின்றது சங்கத் தலைவருடையது, குழலில் கட்டின எலுமிச்சம்பழம்கூட அவிழ்க்காமல். நாற்பத்திரண்டு பேரில் நாற்பது பேர் அங்கே நின்றார்கள். ஊர்க்கூட்டத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வருகிற மாதிரி இருந்தது. யாருக்குப் பயந்து இத்தனை நாள் கிடந்தோம்? வீருசின்னுவுடையதுதான் இல்லை. ஊர் முழுக்க ஒருத்தன்தான் சொன்ன சொல்லில் நின்றிருக்கிறான், அவன் பெண்டாட்டி காலில்தான் இவன் சுட்ட ரவை.

"என்னம்மா?" என்றார் ரைட்டர். பொம்முத்தாய் சேலைக் கட்டை அவிழ்த்தாள். விளக்குமாற்றுப் புல் சரிந்தது. நடுவே குழல். கட்டையில் விரிசல் விட்ட இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. வீருசின்னுவின் துப்பாக்கி. சௌடமுத்து கையிலிருந்து நழுவிய சாக்கைப் பிடித்துக்கொண்டான். ரைட்டர் பதிவேட்டைப் புரட்டினார். "வீருசின்னு பேருல இருக்கு. நீ யாரு?" "சம்சாரம்." "அவரு எங்க?" "வரமாட்டாரு. அவருக்குத் தெரியாது." "தெரியாதா? அப்படியெல்லாம் எடுக்க முடியாதும்மா. லைசென்ஸ்காரரு வந்து கையெழுத்துப் போடணும்." "வாங்கிக்கங்க சார். நான் இதத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது." "ஏன்?" அவள் புல்லை ஒதுக்கிக் குழலை அவர் பக்கம் தள்ளினாள். "ஏம்மா, வீட்ல ஏதாவது மிரட்டுறாரா? கேஸுன்னு ஒண்ணு இருந்தாச் சொல்லு, நாங்களே வந்து எல்லாத்தையும் எடுத்துருவோம், ஒரு கையெழுத்தும் வேண்டாம். ஒண்ணும் இல்லேன்னா கட்டி எடுத்துக்கிட்டு அவரக் கூட்டிக்கிட்டு வா. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் டயம்." "கேஸெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றாள். "அப்ப ஓரமா நில்லு. அடுத்தது யாரு?"

அடுத்தது அவன்தான். அவள் நகர்ந்தாள். நகரும்போதும் அவனைப் பார்க்கவில்லை. "பேரு?" "சௌடமுத்து." "அட, மைதானத்துல பேசின ஆளுல்ல நீங்க?" ரைட்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்களே வந்துட்டீங்களா? ரைட்டு. உள்ள மருந்து இருக்கா?" "இல்ல சார். மூணு தடவ பாத்தேன்." நாங்களும் பார்ப்போம் என்று பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள், இவன் கையை நீட்டுவதற்குள், சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டான். துப்பாக்கி மேஜைமேல் விழுந்தது, இடிகம்பி உருண்டது, மருந்து டப்பா, கேப்பு டப்பா, கடைசியாக நீலச் செருப்பு, ஒற்றைச் செருப்பு, மேஜை விளிம்பில் மோதித் தரையில் குப்புற விழுந்தது. "செருப்பையும் ஒப்படைக்கச் சொல்லலயேப்பா உத்தரவுல" என்றார் ரைட்டர். கான்ஸ்டபிள் சிரித்தான். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பொம்முத்தாய் வந்தாள். ஒரு காலைச் சாய்த்துக் குனிந்து செருப்பை எடுத்தாள், திருப்பிப் பார்த்தாள், ஊக்கு குத்தியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தொட்டாள். அவள் குத்தியிருந்தது கோணலாக இருந்திருக்கும். இது நேராக இருந்தது. கழுவித் துடைத்திருந்தது. முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான்.

"நீங்களும் கொண்டாந்துட்டீகளாண்ணே" என்றாள், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "வீட்ல அவுககிட்ட முள்ளுன்னு சொல்லி வச்சிருக்கேன். மொதல்ல இது வீட்ட விட்டுப் போகட்டும், பெறகு சொல்லிக்கிருவோம்னு இருந்தேன். இவரு வாங்க மாட்டேங்கிறாரே."

"கால் எப்படித் தாயி இருக்கு?" அவன் குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"ரெண்டு முள்ளுண்ணே. ஒண்ண நானே ஊசிய வச்சு எடுத்துட்டேன். ஒண்ணு உள்ளதான் இருக்கு."

அவள் செருப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு, தரையில் சிதறிய விளக்குமாற்றுப் புல்லைப் பொறுக்கி, வீருசின்னுவின் துப்பாக்கியைச் சுற்றி மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். அடுத்த பஸ் பதினொன்றரைக்கு. அதில் ஏறி இது மேலே போகும். அந்த வீட்டுக்குள் போகும். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு அந்தக் கால் பழுக்கும், டாக்டர் உள்ளே இருப்பதை எடுத்து முள் இல்லை என்று சொல்வார், வீருசின்னு கையில் இந்தத் துப்பாக்கி இருக்கும். தன் துப்பாக்கி இங்கே மூலையில் பத்திரமாக நிற்கும். எவ்வளவு பத்திரம்! ரைட்டர் அச்சடித்த தாளில் எழுதிக்கொண்டே போனார். பெயர், ஊர், லைசென்ஸ் எண். "இந்தத் துப்பாக்கியால யாருக்காவது காயம், சேதம் ஏதாவது?" என்று வாய் கேட்டது, பதிலுக்குக் காத்திராமல் பேனா 'இல்லை' என்று எழுத ஆரம்பித்துவிட்டது. நாற்பது பேரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். மூன்று எழுத்து. கையெழுத்துப் போட்டால் முடிந்தது, நல்லவனாக வெளியே போகலாம், தை மாசம் பந்தல் போடலாம், ஊரே வரும். கேஸுன்னு ஒண்ணு இருந்தா நாங்களே வந்து எல்லாத்தையும் எடுத்துருவோம்.

"சார், அத எழுதாதீங்க" என்றான். பேனா நின்றது. "அந்தம்மா கையில இருக்குறதத் திருப்பி அனுப்பாதீங்க. கேஸு இருக்கு. பதினோரு நாளைக்கு முன்னாடி, விடிகாலையில, எங்காட்டு வரப்புல. அவுகளுக்குக் கால்ல பட்டிருக்கு, ஒரு ரவ இன்னும் உள்ள கெடக்கு, மொதல்ல ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"அண்ணே" என்றாள் பொம்முத்தாய்.

ரைட்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மூட்டமா? தெரியாமச் சுட்டதா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் ஆம் என்று சொல்லிவிடு என்கிற பரிவு இருந்தது.

"மூட்டந்தான். பன்னின்னு நெனச்சேன்" என்றான் சௌடமுத்து. "ஆனா கண்ணத் தெறந்துக்கிட்டுதான் சார் சுட்டேன்."